ரோட்டில் பூத்த மல்லாட்டை

1

எங்கள் தெருவுக்குப் போன வாரம் கிழங்குச் சாறு ஊற்றினார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கனடாவில் நான் குடியிருக்கும் இந்த ஏரிக்கரைச் சிற்றூரில் பனி விழுந்தால் ரோடு வழுக்கும். அதற்கு இத்தனை காலமும் உப்பைக் கொட்டினார்கள். அந்த உப்பு கரைந்து ஏரிக்குப் போகிறது, மீன் சாகிறது என்று இப்போது கவலைப்பட ஆரம்பித்திருக்கிறார்கள். அதனால் உப்பைக் குறைத்துவிட்டு, பீட்ரூட் ஜாதிக் கிழங்கு ஒன்றில் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் பழுப்புச் சாற்றை லாரியில் கொண்டுவந்து தெளிக்கிறார்கள். பூமிக்குக் கெடுதல் செய்யாத சாலைப் பராமரிப்பு என்று லாரியின் முதுகில் எழுதியிருந்தது.

தெரு முழுக்க வெல்லம் காய்ச்சும் வாசனை. பக்கத்து வீட்டு நாய் நடுரோட்டில் நின்று நக்கிக்கொண்டிருந்தது. அதன் சொந்தக்காரர் வாரைப் பிடித்து இழுத்துப் பார்த்துத் தோற்றுப்போய் என்னைப் பார்த்து அசடு வழிந்தார். நானும் சிரித்து வைத்தேன். ரோட்டில் தின்கிற சாமானைக் கொட்டினால் என்னவெல்லாம் நடக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

என் மகள் ஸ்டெல்லாவுக்குக் கவலையெல்லாம் அவள் காரைப் பற்றி. வெள்ளைக் காரின் அடிப்பாகம் முழுக்கப் பழுப்புக் கறை.

"வெள்ளிக்கிழமை லைப்ரரியில மீட்டிங் இருக்கும்மா. போய் கம்ப்ளெயின்ட் பண்ணப் போறேன்."

"நானும் வரேன்."

"வா. ஆனா ப்ளீஸ், செஞ்சி கதை மட்டும் வேணாம்."

என் பிள்ளைகளுக்குச் செஞ்சி என்பது அம்மாவுக்கு அவ்வப்போது வரும் மூட்டுவலி மாதிரி. பாவம் என்பார்கள், தைலம் எங்கே என்று கேட்பார்கள், அதற்குள் போன் அடித்துவிடும். பேரனுக்கு அதுவும் கிடையாது. பாட்டி எங்கே பிறந்தாள் என்று அவனைப் பள்ளிக்கூடத்தில் கேட்டபோது "இந்தியாவில் ஒரு கோட்டைக்குள்" என்று சொல்லியிருக்கிறான். டீச்சர் என்னைப் பார்த்ததும் கொஞ்சம் குனிந்தே வணக்கம் சொன்னாள்.

2

கோட்டைக்கும் எங்களுக்கும் இருந்த சம்பந்தம், மழை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அந்த மலையைப் பார்த்துத் தெரிந்துகொள்வதோடு சரி. எங்களுக்குச் செஞ்சி என்றால் கடைத்தெரு, தாலுகா ஆபீஸ், பஸ் ஸ்டாண்டு. எங்கள் ஊரிலிருந்து அது "நடக்கிற தூரம்தான்" என்பார்கள். சைக்கிள் வைத்திருந்தவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள்.

நான் சொல்வது அறுபதுகளின் நடுவில் நடந்தது. ஊரில் மாதா கோயிலும், அதை ஒட்டி எட்டாவது வரைக்கும் பள்ளிக்கூடமும் இருந்தன. என் லூர்து அக்கா எட்டாவது முடித்துவிட்டாள், அதுவும் வகுப்பில் முதல் ஆளாக. மேலே படிக்கச் செஞ்சி ஹைஸ்கூலுக்குப் போக வேண்டும். எங்கள் அப்பா மல்லாட்டை விவசாயி. நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம், அப்பாவை நைனா என்போம். நைனாவிடம் அக்கா கேட்டாள்.

"பஸ்ஸு வந்தா போ. வயசுப் பொண்ண அவ்ளோ தொலவு தனியா நடக்க வுட மாட்டேன்."

"பஸ்ஸு வரலன்னா?"

அதற்கு அம்மா பதில் வைத்திருந்தாள். சேத்துப்பட்டுப் பக்கம் இருந்த அம்மாவின் அண்ணன் தன் மகனுக்கு அக்காவைக் கேட்டுக்கொண்டிருந்தார். "பஸ்ஸு வரலன்னா பரிசம்" என்றாள் அம்மா. இத்தனைக்கும் அம்மா கெட்டவள் இல்லை. பெண்ணைப் பதினாலு வயதுக்கு மேல் வீட்டில் வைத்திருப்பது அவளுக்குப் பயம்.

பஸ் விட செஞ்சியில் ஒரு முதலாளி தயாராக இருந்தார். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் ஆபீசர் ஒருவர் ஜீப்பில் வந்து ரோட்டைப் பார்ப்பார், சரி என்று சொன்னால் பஸ் ஓடும். ரோட்டில் ஒரே ஒரு இடம்தான் வில்லங்கம். ஏரி மதகுக்குக் கீழே ஒரு பள்ளம், மழை வந்தால் வண்டி மாட்டின் வயிறு வரைக்கும் சேறு. ஆக, என் அக்காவின் படிப்பும் கல்யாணமும் அந்தப் பள்ளத்துக்குள் கிடந்தன. மாலையானால் அவள் அங்கே போய் நின்று பார்த்துவிட்டு வருவாள்.

3

அப்போது சிரமதானம் என்று ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஊர் ஜனங்கள் கூலி வாங்காமல் உழைத்து ரோடு போடுவது, பிளாக் ஆபீஸ் செம்மண் கிராவல் கொடுப்பது. கொடுத்தார்கள். பள்ளம் ஆரம்பிக்கும் இடத்துக்குச் சரியாக வந்ததும் அது தீர்ந்துவிட்டது. அரசாங்கச் சாமானுக்கு அந்த சாமர்த்தியம் எப்போதும் உண்டு.

பஞ்சாயத்து பிரசிடெண்ட் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது கை கொடுத்தவர், செஞ்சிக் கடைத்தெருவில் மல்லாட்டை உடைக்கும் மில் வைத்திருந்தவர். மேல்சித்தாமூர்ச் சமணர். அவர் மில்லுக்குப் பின்னால் மல்லாட்டைத் தோல் ஒரு குன்று அளவுக்குக் குவிந்து கிடந்தது. மற்ற மில்காரர்கள் அடுப்பெரிக்க விற்பார்கள். இவர் மாட்டார்.

"அதுக்குள்ள எத்தினியோ பூச்சிப் பொட்டு குடித்தனம் பண்ணுது. நெருப்பு வெக்க நான் குடுக்க மாட்டேன். ரோட்டுக்குன்னா எத்தினி வண்டி வோணும்னாலும் எடுத்துக்கினு போங்க" என்றார்.

இதை இங்கே இருக்கிறவர்களிடம் சொன்னால் சிலையே வைப்பார்கள். எரிக்கவில்லை, புகையில்லை, கழிவு வீணாகவில்லை, மேலே உயிர்களிடத்தில் அன்பு வேறு. எங்கள் ஊரில் அதற்குப் பெயர், ஓசியில் கிடைத்தது.

வண்டி வண்டியாகத் தோல் வந்து பள்ளத்தில் இறங்கியது. மேலே போட மண் வேண்டும். ஏரியில் வண்டல் எடுக்க யாரும் தடை சொல்லப்போவதில்லை. வண்டலை வெட்டித் தலையில் சுமந்து கொட்டியது ஊருக்கு வெளியே குடியிருந்த கூலிக்காரப் பெண்கள். மண்வெட்டியோடு போட்டோவுக்கு நின்றது பிரசிடெண்டும் அவர் மச்சினர்களும். அந்தப் பெண்களில் அஞ்சலை என்று ஒருத்தி, வாய் சும்மா இருக்காது.

"தானம்னா சொமக்கறவ ஒருத்தி, பேரு வாங்கறவன் ஒருத்தனா? நல்லா இருக்குதுய்யா உங்க தானம்."

எல்லாரும் சிரித்தார்கள். அஞ்சலை சிரிக்கவில்லை.

பள்ளம் நிரம்பி ரோடு மட்டமாயிற்று. காலை வைத்தால் மெத்தென்று இருந்தது. ஆபீசர் வருவதற்குள் வண்டித் தடம் விழுந்துவிடக் கூடாதே என்று இரண்டு பக்கமும் வேலமுள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார்கள். வண்டிகள் பழையபடி கொல்லைமேட்டுப் புன்செய் நிலங்களைச் சுற்றிக்கொண்டு போயின. ரோட்டை அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டோம். அடியில் தோல், மேலே ஏரி வண்டல், சுற்றிலும் முள்வேலி. மல்லாட்டை விளைவிக்கிறவர்கள் நிறைந்த ஊரில் ஒருவருக்காவது அதைப் பார்த்தபோது வேறு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

4

இங்கே கூட்டத்தில் பேச வேண்டுமென்றால் வாசலிலேயே பெயர், முகவரி, எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று பதிந்துகொள்ள வேண்டும். "அனுபவம்" என்றேன். அப்படி ஒரு வகை இல்லை என்றாள் வாசலில் பதிந்துகொண்டிருந்த பெண். ஆட்சேபணை, ஆதரவு, கேள்வி, மூன்றில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் குடியுரிமை வாங்கப் போனபோதும் இப்படித்தான். நீ செஞ்சி என்கிறாய், பாஸ்போர்ட்டில் ஜிஞ்சி என்று இருக்கிறது, இரண்டு ஊரில் எதில் பிறந்தாய் என்று ஒருவர் என்னை உட்கார வைத்துக் கேட்டார். கேள்வி என்றே போட்டுக்கொள் என்று இவளிடம் சொன்னேன்.

ஒருவருக்கு மூன்று நிமிடம். ஸ்டெல்லா தன் காரின் கறையைப் பற்றி ஒன்றரை நிமிடத்தில் அழகாகப் பேசி உட்கார்ந்தாள். அடுத்து நான். மேடையில் இருந்த ரோட்டு இன்ஜினீயர் இளவயதுப் பெண், உண்மையான அக்கறையோடு முன்னால் சாய்ந்து கேட்டாள். பள்ளம், தோல், வண்டல் வரைக்கும் நன்றாகப் போயிற்று. இடையில் மல்லாட்டைக்கு நான் படித்த 'கிரவுண்ட்நட்' என்ற ஆங்கில வார்த்தையைச் சொல்ல, அது இங்கே ஒருவருக்கும் புரியவில்லை. ஸ்டெல்லா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலிருந்தே 'பீநட்' என்று இங்கத்துப் பெயரைச் சொன்னாள்.

அவ்வளவுதான். பின் வரிசையில் ஒரு தாய் எழுந்துவிட்டாள். தன் மகனுக்கு அந்தக் கடலை மூச்சில் பட்டாலே ஆகாது, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், அதை ரோட்டில் போடுவதா என்றாள். நான் போடச் சொல்லவில்லை அம்மா, போட்டால் என்ன ஆயிற்று என்றுதான் சொல்ல வந்தேன் என்றேன். இன்னொருவர் எழுந்தார். அதற்குள் என் மூன்று நிமிடம் முடிந்து மணி அடித்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்துக் கூட்டக் குறிப்பு வந்தது. ரோட்டில் கடலைத் தோல் போடும்படி ஒரு மூத்த குடிமகள் யோசனை சொன்னதாகவும், ஒவ்வாமை குறித்து அது சுகாதாரத் துறையின் பார்வைக்கு அனுப்பப்பட்டதாகவும் எழுதியிருந்தார்கள்.

திண்டிவனத்தில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "நைனா களை கொத்தினத சொன்னியாடி?" என்றாள்.

"எங்க சொல்றது? அதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க."

"அத வுட்டுட்டு இன்னாத்த சொன்ன நீ? தோல் போட்டது எல்லாம் ஒரு கதையா?"

அவள் சொல்வது சரி. இங்கே மணி அடிக்க யாரும் இல்லாததால் மீதியை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

5

சித்திரையில் கோடை மழை இரண்டு தடவை நன்றாகப் பெய்தது. ஒரு வாரத்தில் பள்ளத்து ரோடு பச்சை கட்டியது. முதலில் புல் என்று நினைத்தோம். அக்கா குனிந்து பார்த்துவிட்டு ஓடிவந்தாள். மல்லாட்டை. மில்லில் அந்த வருஷம் சல்லடை கிழிந்திருந்ததாம். தோலோடு தோலாகப் பருப்பு எவ்வளவோ வந்திருக்கிறது. மில்காரரிடம் போய்ச் சொன்னதற்கு அவர் கோபப்படவில்லை, வருத்தப்படவும் இல்லை. "உயிரு இருந்துது, மொளச்சிது" என்றார்.

அன்றைக்கே பிடுங்கியிருந்தால் கதை முடிந்திருக்கும். அக்கா கையை வைக்கப் போனபோது பிரசிடெண்ட் பார்த்துவிட்டார்.

"ஏ பொண்ணு, தொடாத! ரோட்டோரத்துப் புளியமரம் யாருது?"

"பஞ்சாயத்துது."

"அதுல காய்க்கற புளிய வருசா வருசம் ஏலம் வுடறமா இல்லியா? அப்ப ரோட்டுல மொளச்ச மல்லாட்டையும் பஞ்சாயத்துதுதான். ஏலம் வுடற வரைக்கும் எவனும் ஒரு செடியத் தொடக் கூடாது. தொட்டா கேசு."

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ரோட்டில் எது முளைத்தாலும் ஏலம்தான், அதில் இத்தனை காலம் மரம் மட்டும் முளைத்துக்கொண்டிருந்தது. மண் சுமந்தது நாங்கள், பயிரும் எங்களுக்குத்தான் என்று அஞ்சலை போய் நியாயம் கேட்டாள். தானம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாமா என்று அவளை அனுப்பிவிட்டார்கள். தண்டோரா போட்டு ஏலத்துக்கு நாள் குறிப்பதற்குள் வைகாசி பாதி போய்விட்டது. ஊருக்குள் சிரிப்பாய்ச் சிரித்தது. வீட்டில் அக்கா மட்டும் சோறு இறங்காமல் கிடந்தாள். மாமா வீட்டிலிருந்து ஆள் வந்து நாள் கேட்டுவிட்டுப் போயிருந்தான்.

அவளுக்குத்தான் அந்த யோசனை வந்தது.

"நைனா, நீ ஏலம் எடு. எடுத்தா பயிரு நம்முது. நம்ம பயிர நாம புடுங்கனா எவன் வந்து கேக்கறது?"

நைனா யோசித்தார். பிறகு போய் ஏலம் எடுத்தார். போட்டிக்கு ஒருவரும் வரவில்லை. ரோட்டில் பயிர் வைத்தவன் என்று பெயர் வாங்க யாருக்கு ஆசை? அக்கா அன்று எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்டுக்கொண்டே பாட்டு முணுமுணுத்தாள்.

மறுநாள் காலையில் நாங்கள் இரண்டு பேரும் போய்ப் பார்த்தால், நைனா களைக்கொத்தோடு ரோட்டில் குந்தியிருக்கிறார். வரிசையாக, நிதானமாக, செடிக்குச் செடி மண்ணைக் கிளறி அணைத்துக்கொண்டு போகிறார்.

"இன்னா நைனா பண்ற?"

"களை வெட்றேன்."

"இது ரோடு நைனா."

"யாரு இல்லன்னா? ரோட்டுல களை இருக்கலாமா?"

நைனா ஒரு செடியை விலக்கிக் காட்டினார். இலைக்கு அடியில் மஞ்சளாக இரண்டு பூ.

"பூவு எடுத்துக்கிச்சி. இன்னும் கொஞ்ச நாள் போனா விழுது மண்ணுக்குள்ள எறங்கி காய் புடிச்சிடும். வண்டல் இல்ல? நம்ம கொல்லையில இப்பிடி வந்ததே கெடையாது."

அவர் முகத்தில் இருந்தது என்ன என்று எனக்கு அப்போது தெரியவில்லை. இப்போது தெரியும். அந்த வருஷம் எங்கள் சொந்த நிலத்தில் ஒன்றும் சரியாக வரவில்லை. பள்ளத்து ரோட்டில் வந்ததுதான் அவர் வாழ்நாளிலேயே நல்ல பயிர். அதை ரோடு என்று அவரால் பார்க்க முடியவில்லை.

6

அன்று கூட்டம் முடிந்து காரில் வரும்போதே மீதிக் கதையை ஸ்டெல்லாவிடம் ஆரம்பித்திருந்தேன். பூ வரைக்கும் வந்ததும் அவள் கேட்டாள்: "பூ வந்தா என்னம்மா? பிடுங்கிப் போட வேண்டியதுதானே?"

இதை எந்த மொழியில் விளக்குவது? பூ வைத்த பயிரை எங்கள் பக்கத்தில் பிடுங்க மாட்டார்கள். மாடு மேய்ந்தால் மாட்டை அடிப்பார்கள். ஆலங்கட்டி மழை அடித்துப்போட்டால் வானத்தைத் திட்டுவார்கள். மனிதன் தன் கையால் பிடுங்கினான் என்று யாரும் கேள்விப்பட்டதில்லை. சட்டம் ஒன்றும் இல்லை, கோயிலிலும் அதைப் பற்றிப் பிரசங்கம் கேட்டதில்லை. ஆனாலும் கை வராது.

ஆபீசர் வரும் நாள் தெரிந்ததும் அக்கா அஞ்சலையிடம் ஓடினாள். செடியைப் பிடுங்கித் தந்தால் மாட்டுக்குத் தழை முழுக்க அவளுக்கே என்றாள். அஞ்சலை பஞ்சாயத்தின் மேல் கோபமாகத்தான் இருந்தாள். இருந்தும் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள்.

"வாணாம் கண்ணு. பூவு வெச்சத புடுங்கன கையால நாளைக்கு எந்தக் கொல்லையில போயி நான் வெத போடறது?"

ஸ்டெல்லா காரை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். "அப்புறம்?" என்றாள். அவள் இப்படிக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. நான் அதைக் காட்டிக்கொள்ளாமல் தொடர்ந்தேன்.

7

ஆபீசர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மழை பெய்தது. விடிந்ததும் அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு பள்ளத்துக்குப் போய்விட்டாள். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் செடியைப் பிடித்தாள். பின்னாலேயே நைனா வந்தார்.

"வுடு. நீ தொடாத."

"நைனா, இன்னிக்கி ஜீப்பு வருது நைனா." அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது.

"தெரியும். நீ பொம்பளப் புள்ள, உனக்கு வாணாம் இந்தப் பாவம். தள்ளிக்கோ."

நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். குனிந்து முதல் செடியைப் பிடுங்கினார். அதன் பிறகு நிமிரவே இல்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஓரத்தில் படுக்க வைத்தார். அறுவடையில் செய்கிற மாதிரி வேரெல்லாம் ஒரு பக்கமாக வைத்தார். அங்கங்கே விழுது இறங்க ஆரம்பித்திருந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் மதகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முடிக்கும்போது வெயில் ஏறிவிட்டது. அப்போதுதான் நாங்கள் மூன்று பேரும் ரோட்டைப் பார்த்தோம். ரோடு இல்லை. அந்த ஈரத்தில் வேர்கள் வண்டலையும் தோலையும் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டன. நைனா களை கொத்தி அணைத்த மண் பொலபொலவென்று பிரிந்து கிடந்தது. நல்ல உழவு ஓட்டிய கொல்லை மாதிரி இருந்தது. செடிகள்தான் அந்த ரோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தன என்று அவற்றை எடுத்த பிறகு தெரிந்தது.

ஜீப் வந்தது, முள்ளை விலக்கினார்கள், பள்ளத்தில் இறங்கியது, நின்றது. சக்கரம் சுற்றச் சுற்றக் கீழே போயிற்று. ஆபீசர் இறங்கினார். கால் சட்டை முழங்கால் வரைக்கும் சேறு. ஓரத்தில் அடுக்கியிருந்த செடிகளைப் பார்த்தார்.

"என்னய்யா இது? ரோட்டுல எதுக்கு மல்லாட்டை போட்டீங்க?"

பிரசிடெண்ட் கையைப் பிசைந்தார். "நாங்க மல்லாட்ட போடலிங்க ஐயா. ரோடுதான் போட்டோம்."

ஜீப்பை வெளியே எடுக்கச் சக்கரத்துக்கு அடியில் போட ஏதாவது வேண்டும் என்றார் டிரைவர். பக்கத்தில் இருந்தது அந்தச் செடிகள்தான். ஆளுக்கு ஒரு கட்டாக எடுத்துப் பூவோடு சேற்றுக்குள் திணித்தார்கள். நைனாவும் ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தார். ஜீப் உறுமி மேலே ஏறிவிட்டது. ஆபீசர் நல்ல மனிதர், யாரையும் திட்டவில்லை. மழைக்காலம் முடிந்ததும் சரி செய்து வையுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார். பஸ் எங்கள் ஊருக்கு வந்தபோது அக்காவுக்கு அது தேவைப்படவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. அம்மா நைனாவுக்குக் கை கழுவத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"எங்க அண்ணனுக்குச் சொல்லி அனுப்பிடட்டா?"

"அனுப்பு" என்றார் நைனா. "பொண்ணு செஞ்சிக்குப் படிக்கப் போவுதுன்னு சொல்லி அனுப்பு."

"பஸ்ஸுதான் வரலியே?"

"காலு இருக்குது. நடக்கும். கோட்டை மோடு தாண்டற வரைக்கும் நான் கூடப் போயி வுட்டுட்டு வரேன்."

"நீதான சொன்ன, வயசுப் பொண்ணு, நடக்க வுட மாட்டேன்னு."

நைனா கையைக் கழுவினார். நகத்துக்குள் போயிருந்த வண்டலை ஈர்க்குச்சியால் ஒவ்வொரு விரலாக எடுத்தார். அம்மா காத்துக்கொண்டு நின்றாள்.

"பூவு வெச்ச பயிர ஒரு தடவ புடுங்கிட்டேன்" என்றார். "இன்னொரு தடவ எங் கையால ஆவாது. சொல்றவன் இன்னா வோணும்னாலும் சொல்லட்டும்."

அக்கா எழுந்து வந்து அவருக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, மிச்சமிருந்த தண்ணீரில் தன் காலைக் கழுவ ஆரம்பித்தாள்.